எரிகல் பொழிவு ஏன் சில ஆண்டுகளில் மட்டும் பெருக்கெடுக்கிறது? வடசென்னை மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

ஆண்டுதோறும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் ஒரு செய்தி கைபேசிகளைச் சுற்றி வரும். இன்று இரவு நட்சத்திர மழை, மணிக்கு நூறு விழும், தவறவிடாதீர்கள் என்று. தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பிள்ளைகளோடு மொட்டை மாடிக்கு ஏறுகிறார்கள். எட்டரை மணிக்கு ஏறி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்பதரைக்கு ஒன்றும் காணாமல் இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளைகள் மாடிக்கு வருவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். செய்தியில் பொய் இல்லை. ஆனால் எந்த மணிக்கு, எந்த ஊரிலிருந்து, எவ்வளவு இருண்ட வானத்தில் என்ற மூன்றையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்கிறது.

எப்போதாவது இதைவிடப் பெரிய செய்தியும் வரும்: இந்த முறை வழக்கத்தைப் போலப் பல மடங்கு இருக்கும் என்று. அப்படி ஒன்று உண்மையிலேயே நடக்கும். அது ஏன் நடக்கிறது, எப்படி முன்கூட்டியே தெரிகிறது, தெரிந்தும் ஏன் பெரும்பாலானோர் பார்க்க முடியாமல் போகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

விழுவது எது?

சூரியனை நீண்ட பாதையில் சுற்றிவரும், பனியும் தூசும் கலந்த கட்டிதான் வால்வெள்ளி. சூரியனை நெருங்கும்போது அதன் பனி நேரடியாக ஆவியாகிப் பீறிடும். அந்த ஆவி தூசையும் சிறு துகள்களையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். வால்வெள்ளி தன் வழியே போய்விட்டாலும் துகள்கள் அதன் பாதையிலேயே தங்கிச் சுற்றுகின்றன. பூமி அந்தப் பாதையைக் கடக்கும்போது அவை நம் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்து, ஒளிக்கீற்றாகத் தெரிகின்றன. அந்த ஒளிக்கீற்றே எரிநட்சத்திரம். ஒரே வால்வெள்ளியின் துகள்கள் சில நாட்கள் தொடர்ந்து இப்படி வந்தால் அது எரிகல் பொழிவு.

துகளின் அளவைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. பெரும்பாலானவை மணல் பருக்கை அளவுதான். பட்டாணி அளவில் ஒன்று வந்தால் மிகப் பிரகாசமாகத் தெரியும். அந்த ஒளிக்குக் காரணம் அதன் வேகம். நவம்பரில் வரும் லியோனிட் பொழிவின் துகள்கள் விநாடிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. சென்னையிலிருந்து மதுரைக்கு ஏழு விநாடி கூட ஆகாது. அந்த வேகத்தில் வரும் ஒரே ஒரு கிராம் துகளுக்குள் ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. தரைக்கு மேல் ஏறத்தாழ 120 முதல் 80 கிலோமீட்டர் உயரத்தில், காற்று மூலக்கூறுகளோடு மோதி, பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் அது முழுவதையும் தீர்த்துவிடுகிறது. துகளிலிருந்து பிய்ந்துவரும் சோடியம், மெக்னீசியம் அணுக்களும் காற்றின் அணுக்களும் ஒளிர்கின்றன. சிலவற்றில் மஞ்சளும் சிலவற்றில் பச்சையும் தெரிவது அதனால்தான்.

தலையில் கல் விழுமா என்று பாட்டிமார் கேட்பார்கள். வால்வெள்ளித் தூசு மிகவும் பொலபொலப்பானது; தரை வரை வந்து சேராது. தரையில் கண்டெடுக்கப்படும் விண்கற்கள் பெரும்பாலும் சிறுகோள்களிலிருந்து வருபவை. இந்தப் பொழிவுகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

சாம்பல் லாரி விட்டுச்செல்லும் கோடு

அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் போகிறவர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பலை ஏற்றிச்செல்லும் லாரிகளைத் தெரியும். தார்ப்பாய் சரியாகக் கட்டாத லாரி ஒன்று போனால் சாலையில் ஒரு மெல்லிய சாம்பல் கோடு விழுகிறது. அடுத்த நடையில் அதே லாரி ஓர் அடி தள்ளிப் போகும். இரண்டாவது கோடு விழும். நாள்பட்ட கோடுகளைக் காற்றும் சக்கரங்களும் கலைத்துச் சாலை முழுக்கப் பரப்பிவிடும். ஒருவர் வெறுங்காலோடு சாலையைக் குறுக்கே கடந்தால், எங்கே கால் வைத்தாலும் லேசாகச் சாம்பல் ஒட்டும். ஆனால் இன்று காலை விழுந்த கோட்டின் மேல் ஓர் அடி பட்டுவிட்டால் கணுக்கால் வரை வெளுத்துவிடும். அடுத்த அடியில் மறுபடியும் பழைய சாலைதான்.

லாரி இங்கே வால்வெள்ளி. சாலையைக் கடப்பவர் பூமி. ஒவ்வொரு முறை சூரியனைச் சுற்றிப் போகும்போதும் வால்வெள்ளி உதிர்த்துவிட்டுப் போகும் துகள்களின் கூட்டத்தைத் தூசு இழை என்று சொல்வோம். பல நூற்றாண்டு இழைகள் கலைந்து பரவிய அகலமான பகுதியைப் பூமி ஆண்டுதோறும் கடக்கிறது. அதுதான் வழக்கமான பொழிவு. இன்னும் கலையாத ஓர் இழையின் ஊடே பூமி நேராகப் புகுந்து வெளிவந்தால், அதைத் திடீர்ப் பெருக்கு என்கிறோம். வீதம் மணிக்கு ஆயிரத்தைத் தாண்டினால் எரிகல் புயல் என்பார்கள்.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் பிசகுகிறது. அந்த இடம் முக்கியமானது. சாலையில் சாம்பல் அசையாமல் கிடக்கும். விண்வெளியில் எதுவும் அப்படிக் கிடக்காது. இழையின் ஒவ்வொரு துகளும் வால்வெள்ளியைப் போலவே சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

இழை எப்படி நீள்கிறது, எப்படி நகர்கிறது?

லியோனிட் பொழிவுக்குத் தாயான டெம்பெல்-டட்டில் வால்வெள்ளி, சூரியனுக்கு அருகே விநாடிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதிலிருந்து பிரியும் துகள்களோ விநாடிக்குச் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரையிலான வேகத்தில்தான் விலகுகின்றன. அந்தச் சிறு வித்தியாசமே போதும். வால்வெள்ளிக்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகின்றன. சற்று முன்பக்கமாக உந்தப்பட்ட துகளுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும். பின்பக்கமாக உந்தப்பட்டது கொஞ்சம் முன்னதாகவே திரும்பும். இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் கூட்டம் நீளவாக்கில் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு இழுபட்டுவிடுகிறது. அகலமோ அதிகம் வளர்வதில்லை. பூமி தன் பாதையில் மணிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் போகிறது. ஒரு புது இழையைக் கடக்க ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் குறைவான நேரமே ஆகிறது. இந்த ஒரு தகவலைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் விளங்கிவிடும்.

சூரிய ஒளி மிக நுண்ணிய துகள்களை மெல்லத் தள்ளுகிறது. வியாழன் போன்ற பெரிய கோள்கள் பக்கத்தில் வரும்போது இழையின் ஒரு பகுதியையே இடம்பெயர்க்கின்றன. சில லட்சம் கிலோமீட்டர் நகர்ந்தாலே போதும். பூமி இழையைத் தொடாமல் போய்விடும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். வழக்கமான பொழிவு, பழைய தூசின் அகலமான பரப்பிலிருந்து வருவது, நாட்கணக்கில் நீடிக்கும். திடீர்ப் பெருக்கு, குறிப்பிட்ட ஓர் ஆண்டில் உதிர்ந்த ஒல்லியான இழையிலிருந்து வருவது. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வால்வெள்ளி பூமிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஹாலி வால்வெள்ளி 2023 டிசம்பரில் நெப்டியூனுக்கும் அப்பால், சூரியனிலிருந்து தன் மிகத் தொலைவான புள்ளியில் இருந்தது. அதன் தூசு ஆண்டுதோறும் மே மாதத்திலும் அக்டோபரிலும் தவறாமல் நம் மேல் பொழிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏமாந்த 1899, பலித்த 1999

1833 நவம்பரில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓர் இரவு, மணிக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் லியோனிட்கள் பொழிந்தன. உலகம் முடிகிறது என்று மக்கள் கலங்கினார்கள். யேல் கல்லூரியின் டெனிசன் ஓல்ம்ஸ்டெட் பலரிடமிருந்து குறிப்புகளைத் திரட்டினார். எல்லாக் கீற்றுகளும் சிம்ம ராசி மண்டலத்தில் ஒரே புள்ளியிலிருந்து விரிவதுபோல் தெரிந்ததைக் கவனித்தார். அந்தப் புள்ளியைப் பொழிவு மையம் என்கிறோம். துகள்கள் இணையாகவே வருகின்றன. நேராக நீளும் தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் நம் கண்ணுக்குப் படுவதால்தான் அப்படி ஒரு மையம் தெரிகிறது.

1866இல் ஐரோப்பாவில் மறுபடியும் லியோனிட் புயல். 33 ஆண்டுக் கணக்கு பிடிபட்டுவிட்டது என்று எல்லோரும் 1899க்குக் காத்திருந்தார்கள். வந்தது மிகச் சொற்பம். இடைப்பட்ட காலத்தில் வியாழனும் சனியும் தூசுக்கூட்டத்தை இழுத்து விலக்கிவிட்டிருந்தன. வானியல் மீது பொதுமக்களுக்கு இருந்த நம்பிக்கைக்கு அது பெரிய அடி. பிறகு 1966இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சில நிமிடங்களுக்கு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் விழுந்ததாகப் பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள்.

உண்மையான திருப்பம் 1999இல் வந்தது. வானியலாளர்கள் டேவிட் ஆஷர், ராபர்ட் மெக்நாட் இருவரும் ஒவ்வோர் ஆண்டின் இழையையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, வியாழனின் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நவம்பர் 18 அன்று, அவர்கள் சொன்ன நேரத்துக்குச் சில நிமிட வித்தியாசத்தில் புயல் வந்தது. அதைப் பொழிந்த இழை எந்த ஆண்டில் உதிர்ந்தது தெரியுமா? 1899இல். ஒரு தலைமுறையை ஏமாற்றிய அதே வருகையில் வால்வெள்ளி விட்டுப்போன தூசு, நூறு ஆண்டுகள் ஓடி, மூன்று சுற்று முடித்து, சொன்ன நிமிடத்தில் பூமியைச் சந்தித்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

நாம் அதைப் பார்த்திருக்க முடியுமா? முடியாது. உச்சம் இந்திய நேரப்படி காலை ஏழரை மணி. ராயபுரத்தில் வெயில் ஏறிவிட்டிருந்தது. ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் பார்த்தன. 2011 அக்டோபரில் டிராகோனிட் பொழிவு பெருகியபோது நமக்கு நடு இரவு தாண்டி ஒன்றரை மணி. இரவுதான்; ஆனால் அதன் பொழிவு மையம் அப்போது சென்னைக்கு வடக்குத் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. ஆகவே பெருக்கு பற்றிய செய்தி வந்தால் தேதியைப் பார்த்து மகிழாதீர்கள். உச்ச நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். அந்த நேரத்தில் பொழிவு மையம் நம் வானத்தில் எங்கே இருக்கும் என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அன்று தூக்கத்தை விடலாம்.

மதராசுக்கு வந்த தந்தி

நம் ஊருக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பீலா என்ற வால்வெள்ளி 1846இல் இரண்டாகப் பிளந்து காணப்பட்டது. 1852இல் இரண்டு துண்டுகளாகவே திரும்பி வந்தது. அதன் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. 1872 நவம்பர் 27 அன்று, பூமி அதன் பாதையைக் கடந்தபோது, ஐரோப்பாவில் பெரும் எரிகல் புயல் வீசியது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ், துகள்கள் ஆண்ட்ரோமீடா நட்சத்திர மண்டலத்தின் திசையிலிருந்து வந்ததால் வால்வெள்ளி அதற்கு நேர் எதிர்த் திசையில், தென் வானத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்தத் திசை கோட்டிங்கனில் தெரியாது, மதராசில் தெரியும். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் இருந்த நார்மன் பாக்சனுக்கு நவம்பர் 30 அன்று தந்தி கொடுத்தார். பீலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, சென்டாரஸ் மண்டலத்தில் தேடுங்கள் என்பது அதன் சாரம். டிசம்பர் 2, 3 தேதிகளில் விடியலுக்கு முன் பாக்சன் அங்கே உண்மையாகவே ஒரு வால்வெள்ளியைக் கண்டார்.

புதிய வால்வெள்ளி ஒன்றின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று இடங்கள் தெரிய வேண்டும். மூன்றாவது நோக்கை மதராசின் மேகங்கள் கொடுக்கவில்லை. அவர் கண்டது பீலா அல்ல என்றே பிற்காலக் கணக்குகள் காட்டின. ஆனால் வேறு எந்த வால்வெள்ளி என்பது இன்றுவரை தீராத கேள்வி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓர் உலகக் கேள்விக்கு விடை கிடைக்காமல் செய்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

செய்தியில் வரும் எண்ணுக்கு என்ன பொருள்?

மணிக்கு நூறு என்ற எண்ணை வானியலாளர்கள் உச்சி மணி வீதம் என்பார்கள். பொழிவு மையம் சரியாகத் தலைக்கு மேல் இருந்து, வெறுங்கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரங்களும் தெரியும் அளவுக்கு வானம் இருண்டிருந்தால், ஒருவர் ஒரு மணி நேரத்தில் காணக்கூடிய எண்ணிக்கை அது. வெவ்வேறு ஊர்க் கணக்குகளை ஒப்பிட ஏற்பட்ட அளவீடு; வீட்டு மாடியில் நாம் எண்ணப்போவது அதுவல்ல.

ஆகஸ்டில் வரும் பெர்சீட் பொழிவை எடுத்துக்கொள்வோம். வீதம் நூறு என்கிறார்கள். அதன் மையம் சென்னையில் இரவு பத்து மணிக்கு மேல்தான் உதிக்கிறது. எட்டரைக்கு ஏறியவர்கள் ஒன்றும் காணாததற்கு முதல் காரணம் இது. விடியலுக்கு முன்னும் அது 45 பாகையைத் தாண்டி ஏறாது. அதனால் நூறு எழுபதாகிறது. துறைமுகத்தின் உயர்கம்ப விளக்குகளும், மணலி ஆலைகளின் வெளிச்சமும், கடல் ஈரமும் சேர்ந்த வானத்தில் பிரகாசமான நட்சத்திரங்கள் மட்டுமே தெரிகின்றன. எரிநட்சத்திரங்களில் மங்கலானவையே மிகுதி என்பதால், அத்தகைய வானத்தில் பத்தில் ஒன்று தெரிந்தால் உண்டு. எழுபது ஏழாகிறது.

ஏழு குறைவுதான். ஆனால் இதே கணக்கைப் பெருக்குக்குப் போட்டுப் பாருங்கள். வீதம் ஆயிரமானால், இதே எர்ணாவூர் மாடியில் மணிக்கு எழுபது, அதாவது நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல். நகரத்து வெளிச்சத்தையும் மீறித் தெரியும் நிகழ்வு அது. நல்ல வானம் வேண்டுமென்றால் வானாய்வகம் இருக்கும் காவலூர் மலைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி வடசென்னைக்காரர்களை ஒதுக்கிவிடுவதை நான் ஏற்பதில்லை. வழக்கமான பொழிவுக்கு அது நியாயமான அறிவுரை. பெருக்கு வரும் நாளில் வெளிச்சத்தைவிட நேரமே பெரிது.

இங்கிருந்து எப்படிப் பார்ப்பது?

நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு: கிழக்கே கடல். நள்ளிரவுக்குப் பிறகு நாம் நிற்கும் பக்கம் பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்புவதால், பின்னிரவில்தான் துகள்கள் அதிகம் மோதும். பல பொழிவுகளின் மையம் அப்போது கிழக்கு வானத்தில் இருக்கும். திருவொற்றியூர், காசிமேடு கரையோர மாடிகளுக்கு அந்தப் பக்கம் தெருவிளக்கு இல்லை. காசிமேட்டிலிருந்து இரவில் தொழிலுக்குப் போகிறவர்கள்தான் இந்த நகரத்தில் மிக நல்ல வானத்தைப் பார்க்கிறவர்கள். கரை வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அவர்களிடம் கேட்டுப்பாருங்கள், நிறையச் சொல்வார்கள். பழவேற்காடு பக்கம் உறவினர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. இரவில் கடலரிப்புத் தடுப்புக் கற்களின் மேல் ஏறி நிற்க வேண்டாம். வழுக்கும், அலையும் கண்ணுக்குத் தெரியாது.

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாயை விரித்துப் படுத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும். இடையில் ஒரு முறை கைபேசியைப் பார்த்தாலும் அந்த அரை மணி வீண். தொலைநோக்கி தேவையில்லை, அது வானத்தின் சிறு துண்டை மட்டுமே காட்டும். மையத்தையே உற்றுப் பார்க்கவும் வேண்டாம். அதிலிருந்து சற்றுத் தள்ளிப் பார்த்தால் நீண்ட கீற்றுகள் கிடைக்கும். அரை நிமிடத்துக்கு மேல் மெதுவாக, துண்டு துண்டாக ஊர்ந்து போகும் ஒளியைக் கண்டால் அது பொழிவைச் சேர்ந்தது இல்லை. பெரும்பாலும் கீழே இறங்கி எரியும் ராக்கெட் பாகம். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்து வானத்தில் பலர் படம்பிடித்தது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

லியோனிட் வரும் நவம்பரும் ஜெமினிட் வரும் டிசம்பரும் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகினால் டிசம்பர் 13, 14 இரவுகளை விடாதீர்கள். ஜெமினிட் மையம் ஏறத்தாழ இரண்டு மணிக்குத் தலைக்கு மேல் வந்துவிடும். ஆனால் சென்னைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது மே மாதம் முதல் வாரத்தை. வானம் பெரும்பாலும் திறந்திருக்கும். ஹாலியின் தூசு தரும் ஈட்டா அக்வாரிட் பொழிவு நம்மைப் போன்ற தெற்கு ஊர்களுக்கே சாதகமானது. மையம் ஒன்றரை மணிக்கு மேல் கடலிலிருந்து எழுந்து, நாலரைக்குள் பாதி வானம் ஏறிவிடும். 2013இல் அது வழக்கத்தைப் போல ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியது; காரணம் மூவாயிரம் ஆண்டுகளை ஒட்டிய பழைய ஹாலித் தூசு.

டெம்பெல்-டட்டில் 2031இல் மறுபடியும் சூரியனை நெருங்குகிறது. அதைச் சாக்காக வைத்து உலகம் காணாத நட்சத்திர மழை என்று செய்திகள் வரும். 1899ஐ நினைவில் வைத்துக்கொண்டு, எந்த ஆண்டின் இழை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேளுங்கள்.

பார்க்கும்போது ஒரு நோட்டில் எண்ணி வையுங்கள். ஒரு மணி நேரம் மட்டுமே நீடிக்கும் பெருக்கு நம் பின்னிரவில் நடந்தால், ஜப்பானில் அப்போது பொழுது விடிந்திருக்கும். ஐரோப்பாவில் பொழிவு மையம் உதித்தும் உதிக்காமலும் இருக்கும். நம் நிலநெடுக்கோட்டில் விழித்திருப்பவர்களின் கணக்குதான் அப்போது கணக்கு. 1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச எரிகல் அமைப்பு, வெறுங்கண்ணால் எண்ணியவர்களின் குறிப்புகளையும் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஐந்து நிமிடத்துக்கு எத்தனை, தெரிந்த மிக மங்கலான நட்சத்திரம் எது, எவ்வளவு நேரம் மேகம் மறைத்தது, இவை போதும். ஒன்றும் விழாத ஐந்து நிமிடங்களுக்கு எதிரே பூஜ்ஜியம் என்று எழுதுங்கள். பெருக்கு எப்போது தொடங்கியது என்பது அந்தப் பூஜ்ஜியங்களிலிருந்துதான் தெரியவரும்.